லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான்: கமாண்ட் லைன் பழக முடியுமா?

தறிக்காரர் மகள் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் சென்னிமலைப் பக்கம். பி.காம். இரண்டாம் வருடம். சாயங்காலம் ஒரு சென்டரில் லினக்ஸ் அடிப்படை வகுப்புக்குப் போகிறேன். வாரம் இரண்டு நாள், ஒரு மிஷினுக்கு மூன்று பேர். என் கை கீபோர்டுக்குப் போவதற்குள் அடுத்த பேட்ச் வாசலில் வந்து நிற்கும். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இருப்பது ஒரு 64 ஜிபி ஆண்ட்ராய்டு போன். அதுவும் இடம் இல்லை, இடம் இல்லை என்று தினமும் புலம்புகிறது.

வகுப்பில் காட்டும், கமாண்ட் அடித்து வேலை வாங்கும் அந்தக் கறுப்புத் திரையை போனிலேயே வரவைத்துப் பழக முடியுமா? ரூட் பண்ணினால்தான் (போனின் பூட்டை உடைத்து முழு அதிகாரம் எடுத்தால்தான்) வரும், போன் போய்விடும் என்று கூடப் படிக்கும் பையன் பயமுறுத்துகிறான்.

கறுப்புத்திரை | செவ்வாய், இரவு 10.15

தாராளமாகப் பழகலாம் தங்கச்சி. ரூட் வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவதே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். டெர்மக்ஸ் என்று ஒரு ஆப் 2015 முதல் இருக்கிறது, காசு கிடையாது. அது ஒரு ஷெல்லை, அதாவது நீங்கள் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் நிரலை, திறந்துவிடும், வேண்டிய கருவிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்ளலாம்.

பிளே ஸ்டோரில் தேடி முதலில் வருவதைப் போட்டுவிடாதீர்கள். இலவச ஆப்புகள் கிடைக்கும் எஃப்-டிராய்டு தளத்திலிருந்தோ, நிரல் எழுதுவோர் வெளியிடும் கிட்ஹப்பிலிருந்தோ எடுங்கள். காரணம் இதுதான். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து ஒரு கெடுபிடி: புதிய விதிப்படி கட்டப்பட்ட ஆப், தன் அறைக்குள் இறக்கி வைத்த நிரலைத் தானே ஓட்டக்கூடாது. டெர்மக்ஸின் பிழைப்பே அப்படி இறக்கி ஓட்டுவதுதான். அதனால் பிளே ஸ்டோர் பதிப்பு 2020-இல் அப்படியே நின்றது. பிறகு அங்கே தனியாக ஒரு பதிப்பு வந்தது. ஆனாலும் எல்லோரும் பயன்படுத்துவது எஃப்-டிராய்டு பதிப்புதான், ஏதாவது சிக்கினால் கேட்க ஆள் கிடைக்கும். ஆப்பை ஓர் இடத்திலும் அதன் துணை ஆப்புகளை வேறோர் இடத்திலும் எடுத்தால் கையொப்பம் பொருந்தாமல் நிறுவ மறுக்கும்.

திறந்ததும் முதல் வேலை பிகேஜி அப்டேட், அடுத்து பிகேஜி அப்கிரேடு, கருவிகளைப் புதுப்பிக்கத்தான். நடுவில் ஏதாவது கேட்டால் என்டர் தட்டுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கமாண்டுகளை நான் இங்கே உச்சரிப்பில்தான் எழுதுவேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனம் பாதி. மீதி, நகல் எடுத்து ஒட்டினால் கை பழகாது.

குறும்பன்77 | செவ்வாய், இரவு 10.31

டெர்மக்ஸ் போட்டாச்சுன்னா பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டு எடுக்கலாமாமே, யூடியூபில் பார்த்தேன். அந்த கமாண்டையும் போடுங்க ப்ரோ.

கறுப்புத்திரை | செவ்வாய், இரவு 10.44

சாதாரண போனில் உள்ள வைஃபை சிப் அந்த வேலைக்கு இடம் கொடுக்காது தம்பி. அந்த வீடியோக்களில் பச்சை எழுத்து ஓடுவது பார்ப்பதற்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். முடிந்தாலும் செய்யாதே. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கருவிக்குள் நுழைந்தால் 2000-ஆம் வருட தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66-ஆம் பிரிவு. மூன்று வருடம் வரை சிறை, இல்லையென்றால் ஐந்து லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அந்த மாதிரி வீடியோவில் ஒரு நீள வரியைக் கொடுத்து "இதை அப்படியே ஒட்டுங்க" என்பார்கள். எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்டை (கமாண்டுகளை அடுக்கிய கோப்பை) இறக்கி, படிக்கக்கூட விடாமல் நேராக ஷெல்லுக்குள் ஊற்றும் வரி அது. டெர்மக்ஸுக்கு நீ சேமிப்பக அனுமதி கொடுத்திருந்தால் அந்த ஸ்கிரிப்டுக்கும் கொடுத்ததாகத்தான் அர்த்தம். உன் வீட்டுப் படம் முழுக்க அதன் கையில்.

பழைய டெலிபிரிண்டர் | புதன், காலை 6.05

தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையோடு முடிந்தது, எனக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இந்த கமாண்டுகளுக்கு ஏன் எல்எஸ் (பட்டியல் காட்ட), சிபி (நகலெடுக்க), எம்வி (நகர்த்த), ஆர்எம் (அழிக்க) என்று மொட்டையாகப் பெயர் வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. எங்கள் ஆட்களுக்கு அது உடனே புரியும்.

யூனிக்ஸ் பிறந்தது 1969, பெல் லேப்ஸில். அப்போது திரை என்பதே அபூர்வம். டெலிடைப் 33 போன்ற மிஷினில் தட்டினால் தாளில் அச்சாகும், நொடிக்கு 10 எழுத்து. விசையை அழுத்தவே விரலில் பலம் வேண்டும். அதில் போய் யார் நீட்டி முழக்கி அடிப்பது? தந்தியில் சொல்லுக்குக் காசு என்பதால் "அம்மா சீரியஸ் உடனே வா" என்று நாலு சொல்லில் முடித்த மாதிரிதான். வேலை சரியாக முடிந்தால் அந்தக் கமாண்டுகள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கும் அந்தச் சிக்கனம் ஒரு காரணம். பதில் வரவில்லை என்றால் பதறாதே அம்மா. நல்ல சேதி என்று எடுத்துக்கொள்.

தறிக்காரர் மகள் | புதன், இரவு 8.20

ஐயா, நன்றி. நிஜமாகவே பயந்துதான் போனேன். கோப்புறை உருவாக்க எம்கேடிஐஆர் அடித்தேன், ஒன்றும் வரவில்லை, திரும்ப அடித்தேன், "ஏற்கெனவே இருக்கிறது" என்று திட்டியது.

அண்ணா, டெர்மக்ஸ் போட்டுவிட்டேன். சந்தேகம் இரண்டு. எங்கே நிற்கிறேன் என்று பார்க்க பிடபிள்யூடி அடித்தால் டேட்டா, மறுபடி டேட்டா, டெர்மக்ஸ், ஃபைல்ஸ், ஹோம் என்று நீளமாக ஒரு விலாசம் வருகிறது. என் போட்டோ ஒன்றுகூட அங்கே இல்லை. அப்புறம் ஹூஆம்ஐ என்று கேட்டால் என் பெயர் வராமல் யூ0_ஏ217 என்கிறது. யார் அது?

கறுப்புத்திரை | புதன், இரவு 9.02

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இதை வகுப்பில் சொல்லித்தர மாட்டார்கள்.

லினக்ஸ் பல பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்குபோடும் காலத்து வழக்கத்தில் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், ஒருவர் கோப்பை இன்னொருவர் தொட முடியாது. ஆண்ட்ராய்டு செய்த தந்திரம், அந்த ஆள் எண்ணைத் தூக்கி ஆப்புக்குக் கொடுத்தது. உங்கள் போனைப் பொறுத்தவரை ஒவ்வோர் ஆப்பும் ஒரு தனி ஆள். யூ0 என்பது போனின் முதல் உரிமையாளர், அதாவது நீங்கள். ஏ217 என்பது அந்த உரிமையாளரின் கீழ் டெர்மக்ஸுக்கு விழுந்த வரிசை எண். என் போனில் வேறு எண் வரும்.

ஒண்டுக்குடித்தனக் காம்பவுண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிப் பூட்டு. பேங்க் ஆப்பின் அறைக்குள் கேலரி எட்டிப்பார்க்க முடியாது. நடுவில் பொது முற்றம் ஒன்று உண்டு: டிசிஐஎம் (கேமரா படங்கள்), டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அங்கேதான். நீங்கள் நிற்பது டெர்மக்ஸின் சொந்த அறையில். முற்றத்துக்குக் கதவு வேண்டுமென்றால் டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ் என்று அடியுங்கள். அனுமதி கேட்கும். கொடுத்தால் ஹோமுக்குள் ஸ்டோரேஜ் என்று ஒரு கோப்புறை வரும், உள்ளே முற்றத்துக்குப் போகும் வழிகள் இருக்கும்.

அறைக்கும் முற்றத்துக்கும் குணம் வேறு. அறையில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் வேறு வேறு. முற்றத்தில் இரண்டும் ஒன்று. அறையில் ஸ்கிரிப்டை எழுதி ஓடும் அனுமதி கொடுத்தால் ஓடும். முற்றத்தில் அந்த அனுமதி தரும் சிஎச்மோடு எத்தனை முறை போட்டாலும் அனுமதி மறுப்பு என்றே வரும். ஸ்கிரிப்டை எப்போதும் அறையில் வையுங்கள்.

முக்கியமான ஒன்று. டெர்மக்ஸை அன்இன்ஸ்டால் செய்தால் அந்த அறையே இடிந்துவிடும். எழுதிவைத்த எல்லாம் போகும்.

நெல்லை மாப்ள | புதன், இரவு 9.30

முற்றத்துக்குப் போகும் முன் என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

டிசிஐஎம்முக்குள் கேமரா என்று ஒரு கோப்புறை, கேமரா ஓல்டு என்று இன்னொன்று. பழையது வேண்டாம், அழித்துவிடலாம் என்று ஆர்எம், இடைவெளி, ஹைஃபன் ஆர், இடைவெளி, கேமரா, இடைவெளி, ஓல்டு என்று அடித்தேன். என்டர். "ஓல்டு என்று எதுவும் இல்லை" என்று ஒரே ஒரு வரி வந்தது. இல்லையா, சரி என்று போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஷெல்லுக்கு இடைவெளிதான் வேலி. நான் சொன்னது அதன் காதில் "கேமராவை அழி, அப்புறம் ஓல்டை அழி" என்று விழுந்திருக்கிறது. முதல் வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு இரண்டாவதைத்தான் இல்லை என்றது. மகனுக்குக் காது குத்திய படம் அத்தனையும் கேமராவில் இருந்தது. ஆர்எம் போட்டால் குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேரே மேலோகம். குடும்பக் குரூப்பில் அனுப்பியிருந்த பதினாறு படம் மட்டும் மிஞ்சியது. வீட்டில் இன்றைக்கும் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று நான் சொன்னால், "ஓல்டு என்று எதுவும் இல்லை" என்று பதில் வரும்.

பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லையென்றால் முதல் இரண்டு எழுத்தை அடித்துவிட்டு டேப். அதுவே சரியாக நிரப்பித் தரும்.

பழைய டெலிபிரிண்டர் | வியாழன், காலை 5.50

நெல்லைத் தம்பி சொன்னதோடு இன்னொன்று: ஆர்எம் அடிக்கும் முன், அதே வரியில் ஆர்எம்முக்குப் பதில் எல்எஸ் போட்டுப் பார். எது அழியப்போகிறது என்று அது காட்டிவிடும். தந்தியை அனுப்பும் முன் ஒருமுறை வாசித்துக் காட்டுவோம், அந்த மாதிரி.

தறிக்காரர் மகள் | வியாழன், இரவு 9.15

மாப்ள அண்ணா, சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். மன்னிக்கவும்.

முற்றத்துக்குப் போய்விட்டேன். இடத்தை எது அடைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேலரியில் போன வாரம்தான் தறிச் சங்க விழா வீடியோ முழுக்க அழித்தேன், அப்படியும் போன் நிரம்பியே இருக்கிறது.

கறுப்புத்திரை | வியாழன், இரவு 9.48

டிஎஃப் ஹைஃபன் எச் போட்டால் மொத்தக் கணக்கு வரும். பெட்டியில் 64 ஜிபி என்று அச்சடித்திருப்பார்கள், அது 1000-ஆல் பெருக்கிய கணக்கு. டிஎஃப் 1024-ஆல் வகுக்கும். அதிலேயே 64 என்பது 59.6 ஆகிவிடும். ஆண்ட்ராய்டு தனக்கென்று எடுத்துக்கொள்வது அதற்கு மேல்.

எந்தக் கோப்புறை எவ்வளவு என்று பார்க்க, ஸ்டோரேஜுக்குள் இருக்கும் ஷேர்டுக்குள் போய் டியூ ஹைஃபன் எஸ்எச் நட்சத்திரம் அடியுங்கள். வரிசை கலைந்து வரும். அதன் பின்னால் ஒரு நேர்கோடு போட்டு சார்ட் ஹைஃபன் எச் சேருங்கள். சின்னது மேலே, பெரியது கீழே என்று அடுக்கிவிடும். அந்த நேர்கோட்டுக்குப் பெயர் பைப். ஒரு கருவி கக்குவதை அடுத்த கருவியின் வாயில் கொடுக்கும் குழாய். 1973-இல் யூனிக்ஸில் வந்தது, டக் மெக்கில்ராய் என்பவர் விடாமல் கேட்டு வந்தது. டியூவுக்கு அடுக்கத் தெரியாது, சார்டுக்கு அளக்கத் தெரியாது. இரண்டையும் கோத்துவிட்டால் வேலை முடிந்தது. என்னைக் கேட்டால் கமாண்ட் லைனில் கற்க வேண்டியது இந்த ஒரு கோடுதான், மற்றதெல்லாம் தேவைக்கேற்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

தறிக்காரர் மகள் | வியாழன், இரவு 10.40

டிசிஐஎம் மட்டும் 19 ஜிபி! ஆனால் உள்ளே போய் கேமராவில் எல்எஸ் போட்டால் நூறு படம்கூட இல்லை.

கறுப்புத்திரை | வியாழன், இரவு 10.47

எல்எஸ் ஹைஃபன் ஏ போடுங்கள். பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகளைச் சும்மா எல்எஸ் காட்டாது.

தறிக்காரர் மகள் | வியாழன், இரவு 11.05

அடேயப்பா. புள்ளி, டிராஷ்டு, ஹைஃபன், பத்து இலக்கத்தில் ஒரு எண், அப்புறம் பழைய வீடியோவின் பெயர். இப்படி வரிவரியாக ஓடுகிறது. விழா வீடியோ முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்கிறது!

கறுப்புத்திரை | வியாழன், இரவு 11.20

ஆண்ட்ராய்டு 11 முதல் பல போன்களில் கேலரியில் அழித்தால் நடப்பது இதுதான். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், பெயர் மட்டும் மாறும். 30 நாள் கழித்துத்தான் நிஜமாக அழியும். அந்தப் பத்து இலக்க எண் என்ன தெரியுமா? கெடு தேதி. 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள். டேட் ஹைஃபன் டி என்று போட்டு மேற்கோள் குறிக்குள் ஒரு அட் குறியும் அந்த எண்ணும் கொடுங்கள், நாளும் மணியும் சொல்லும்.

கோப்புகளை இங்கே ஆர்எம் போடாதீர்கள், நீங்கள் புதியவர். கேலரியின் குப்பைத்தொட்டியைத் திறந்து காலி செய்யுங்கள், போதும். எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தத் திரை.

புள்ளியின் இன்னொரு பயன்: எந்தக் கோப்புறையில் டச் புள்ளி நோமீடியா என்று அடித்து ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குகிறீர்களோ, அதன் படங்கள் கேலரியில் தெரியாது. ஆட்கள் அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு நான் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

வன்னியூரான் | வெள்ளி, காலை 7.30

ஐபோன் வச்சிருக்கிற ஆக்கள் என்ன செய்யிறது தம்பி? எங்களுக்கும் ஏதும் வழி இருக்கோ?

கறுப்புத்திரை | வெள்ளி, காலை 8.10

இருக்கிறது அண்ணை. ஐஎஸ்எச் என்று ஆப் ஸ்டோரிலேயே கிடைக்கும். உள்ளே அல்பைன் என்ற சின்ன வகை லினக்ஸ், ஆனால் இன்டெல் வகைச் செயலியைப் போலிசெய்து ஓடுவதால் மெதுவாகத்தான் நகரும். ஏ-ஷெல் அதைவிட வேகம், கருவிகள் குறைவு. பழகுவதற்கு இரண்டுமே போதும். போனில் டெபியன் என்ற முழு லினக்ஸே வேண்டும் என்பவர்களுக்கு கூகுள் 2025 மார்ச்சில் பிக்சல் போன்களில் டெர்மினல் என்று ஒன்றைக் கொடுத்தது, அது தனி மெய்நிகர் மிஷினாக ஓடும். மற்றவர்களுக்கு டெர்மக்ஸ்.

மெய்ப்புக்காரர் | வெள்ளி, பகல் 1.25

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். இந்த இழையைப் பார்த்து நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு கோளாறு, தீர்த்துவையுங்கள். பிரிண்ட்எஃப் தமிழ் என்று கொடுத்து, குழாய் போட்டு, டபிள்யூசி ஹைஃபன் சி என்று எண்ணச் சொன்னால் 15 என்கிறது. ஹைஃபன் எம் போட்டால் 5. தமிழ் மூன்றெழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். இதற்கு எண்ணத் தெரியாதா? திரையிலும் கொம்பும் காலும் இடம் மாறி முட்டிக்கொண்டு நிற்கின்றன.

கறுப்புத்திரை | வெள்ளி, பகல் 2.05

அதற்கு எண்ணத் தெரியும், நம் எழுத்துதான் தெரியாது. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து துண்டு. ஒவ்வொரு தமிழ்த் துண்டும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். ஐந்து மூன்று பதினைந்து. ஹைஃபன் சி பைட்டை எண்ணுகிறது, ஹைஃபன் எம் துண்டை எண்ணுகிறது. நம் மூன்றை எண்ணும் ஸ்விட்ச் அதில் இல்லை.

திரைக் கோளாறுக்குக் காரணம், டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் ஏற்பாடு, நம் கொம்பும் காலும் அதற்குள் அடங்காது. கோப்பில் எழுத்து சரியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். தமிழில் அடிக்க, கீழே உள்ள கூடுதல் விசை வரிசையை இடப்பக்கம் தள்ளினால் சாதாரண எழுதும் பெட்டி வரும்.

மெய்ப்புக்காரர் | வெள்ளி, மாலை 4.40

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்று அகப்பட்டது. பழைய கோப்பு ஒன்றில் "கொடி" என்ற சொல்லை க்ரெப் என்ற தேடும் கருவியில் தேடினேன். கண்ணுக்கு முன்னால் ஏழெட்டு இடத்தில் இருக்கிறது, க்ரெப் ஒன்றுகூட இல்லை என்று சாதிக்கிறது. தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது. ஒகரக் குறிக்கு யூனிகோடில் ஒரே துண்டாக ஓர் இடம் உண்டு. கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, க்ரெப்புக்கு இரண்டும் வேறு. பழைய கோப்பை மாற்றிய யாரோ பிரித்துப் போட்டிருக்கிறார். பல வருடமாக "தேடினேன், இல்லை" என்று நான் எத்தனை இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேனோ!

தறிக்காரர் மகள் | சனி, மாலை 6.30

குப்பையைக் காலி செய்தேன், 11 ஜிபி திரும்பக் கிடைத்தது.

இன்று ஒரு வேலையும் செய்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போட்டித் தேர்வு விண்ணப்பம். போட்டோ 50 கேபிக்குள் கேட்கிறது, அவர் படம் 3 எம்பி. சென்டருக்குப் போனால் படத்துக்கு 30 ரூபாய். பிகேஜி இன்ஸ்டால் இமேஜ்மேஜிக் போட்டேன். அப்புறம் மேஜிக், படத்தின் பெயர், ஹைஃபன் ரீசைஸ் 413 எக்ஸ் 531, ஹைஃபன் டிஃபைன் ஜேபெக் கோலன் எக்ஸ்டென்ட் ஈக்வல் 50கேபி, புதிய பெயர். வந்தது 47 கேபி! 3.5 சென்டிமீட்டர், 4.5 சென்டிமீட்டர் என்பதை 300 டிபிஐக்குக் கணக்குப் போட்டு 413, 531 எடுத்தேன். பி.காம். கணக்கு வீண்போகவில்லை.

பாதியில் ஒருமுறை "சிக்னல் 9" என்று போட்டுவிட்டு டெர்மக்ஸ் செத்துவிட்டது. நான் ஏதாவது தப்பு செய்தேனா?

கறுப்புத்திரை | சனி, இரவு 7.10

நீங்கள் செய்யவில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் ஆப்புகள் பின்னால் ஓட்டும் துணை நிரல்கள் மொத்தம் 32-க்கு மேல் போனாலோ, ஒன்று அதிகமாக உழைத்தாலோ அதுவே கொன்றுவிடும். புதிய போன்களில் டெவலப்பர் ஆப்ஷனில் அதை நிறுத்த ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அடிக்கடி வந்தால் மட்டும் தேடுங்கள்.

ரீசைஸில் ஒரு நுணுக்கம். அது படத்தின் நீள அகல விகிதத்தைக் கெடுக்காது, அந்தப் பெட்டிக்குள் அடங்கும்படி சுருக்கும். அசல் படம் வேறு விகிதத்தில் இருந்தால் சரியாக 413, 531 வராது. ஐடென்டிஃபை என்று போட்டுப் படத்தின் பெயரைக் கொடுங்கள், அளவு சொல்லும்.

தறிக்காரர் மகள் | சனி, இரவு 7.32

398, 531 வந்திருக்கிறது. மேலும் கீழும் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி செய்கிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, நல்லவேளை.

பழைய டெலிபிரிண்டர் | ஞாயிறு, காலை 6.00

பேரன் என் போனிலும் போட்டுக் கொடுத்தான். டேட் என்று அடித்தேன், பதில் வந்தது. ஆனால் எழுத்து கடுகு மாதிரி இருக்கிறது. கண்ணாடி போட்டும் தெரியவில்லை. இதற்கு என்ன கமாண்ட்?

தறிக்காரர் மகள் | ஞாயிறு, காலை 7.15

கமாண்ட் வேண்டாம் ஐயா. போட்டோவைப் பெரிதாக்குவது போல இரண்டு விரலை வைத்து விரித்தால் போதும்.

பழைய டெலிபிரிண்டர் | ஞாயிறு, காலை 7.20

விரித்தேன். தெரிகிறது.